கோப்பி கசந்தால் யார் குற்றம்?

காலையிலே கோப்பி கசந்துவிட்டால் அந்தக் குற்றம் முதலில் யார் தலையில் விழும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. போட்டுக் கொடுத்தவர் தலையிலேதான் விழும். அவர் அதைக் கொட்டை விற்ற கடைக்காரர் மீது போடுவார். கடைக்காரர் விளைந்த மண்ணைக் காட்டுவார். இத்தனை பேரும் விசாரிக்கப்படும்போது, கொட்டையை நொறுக்கித் தூளாக்கிய கருவி மாத்திரம் குசினி மூலையிலே ஒன்றும் அறியாத பாவனையில் வீற்றிருக்கும். வீட்டுக் கோப்பி வழக்குகளிலே பெரும்பாலானவற்றில் முதலாம் எதிரியாக நிறுத்தப்பட வேண்டியது அந்தக் கருவியே என்பது நமது கட்சி.

இதை எழுதத் தூண்டியது சகோதரி ஒருவரின் கடிதம். அவர் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்து, சுழலும் கத்தி பொருத்திய சிறிய கிறைண்டரிலே அரைக்கிறார். வருகின்ற கோப்பி ஒரே கோப்பையில் புளிக்கவும் செய்கிறதாம், கசக்கவும் செய்கிறதாம். கணவர் முகத்தைச் சுளிக்கிறார். மாமனாரோ, ‘உரலில் இடித்த காலத்திலே இந்தக் கரைச்சல் இருந்ததில்லை’ என்ற வசனத்தைத் தினந்தோறும் தவறாமல் உச்சரித்து வருகிறார். சகோதரிக்கு இந்த மாதம் சீட்டுக் காசு கைக்கு வந்திருக்கிறது. அதிலே ஒரு பங்கைக் கொடுத்துக் ‘கூம்பு’ வைத்த கோப்பி மில் ஒன்று வாங்கலாமா, கூம்பினாலே சுவை கூடும் என்று கடையிற் சொல்வது மெய்யா அல்லது விற்பனைப் பேச்சா என்று கேட்கிறார். சீட்டுக் காசு என்பது மாதாமாதம் வாயைக் கட்டி, ஆசையை அடக்கிச் சேர்த்த காசு. ஆகவே இந்தக் கேள்விக்குப் பொறுப்போடு விடை கூறுவது நமது கடமையாகின்றது.

கூம்பு எந்தச் சுவையையும் புதிதாகத் தருவதில்லை. கொட்டைக்குள்ளே உறங்கும் சுவைகளுள் எவை எவை, எந்த அளவிலே, கோப்பைக்குள் இறங்கும் என்பதைத் தீர்மானிப்பதிலேதான் அதற்குப் பங்குண்டு. அந்தப் பங்கு சிறிதன்று. எப்படி என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் வெந்நீர் கோப்பித் தூளுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

வறுத்த கோப்பிக் கொட்டையின் நிறையிலே நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்குதான் நீரிலே கரையத்தக்கது. எஞ்சியதெல்லாம் மரச்சக்கையை ஒத்த பொருள். அந்த 30 பங்கும் ஒரே முறையில் கரைந்து வந்துவிடுவதில்லை. புளிப்பைத் தரும் அமிலங்கள் முந்திக்கொண்டு வருகின்றன. இனிமையோடு சேர்ந்தவை அவற்றின் பின்னே வருகின்றன. கனத்த கசப்பும் நாவை வறளச் செய்யும் துவர்ப்பும் ஆறுதலாக, கடைசியிலே வந்து சேர்கின்றன. நீர் தூளோடு போதிய அளவு உறவாடாவிட்டால் கோப்பி புளித்து வெளிறிப் போகும். அளவு கடந்து உறவாடினால் கசந்து போகும். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பேராசிரியராக இருந்த ஏர்னஸ்ட் லொக்கார்ட் என்பவர் 1950களில் இதனை அளந்து ஆராய்ந்தார். தூளின் நிறையில் நூற்றுக்கு 18 முதல் 22 பங்கு வரை நீரிலே இறங்கும்போதுதான் கோப்பி பெரும்பாலோர் விரும்பத்தக்கதாக அமைகிறது என்பது அவர் வகுத்த கணக்கு. பத்துக் கிராம் தூள் போட்டால் இரண்டு கிராம் அளவே நம் வயிற்றுக்குள் போகவேண்டும். மற்ற எட்டுக் கிராமும் மண்டியாக நின்று குப்பைக்குப் போகவேண்டும்.

ஆனால் இந்த 20 என்பது ஒரு சராசரி. சராசரிகள் உலகில் எத்தனையோ அநியாயங்களை மூடி மறைக்கின்றன, கோப்பையிலும் அப்படியே. தூளிலுள்ள துணிக்கைகள் யாவும் ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் 20 பங்கைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். சில தூசியாகவும் சில பருக்கையாகவும் இருந்தால், தூசி தன்னிடமுள்ள கசப்பு அத்தனையையும் கக்கிவிடும். பருக்கை தன் புளிப்பை மாத்திரம் தந்துவிட்டு உள்ளே உள்ளதைப் பூட்டிவைத்துக் கொள்ளும். சராசரி பார்த்தால் 20 தான். வாயில் வைத்தால் புளிப்பும் கசப்பும் சேர்ந்த ஒரு விபரீதம். குறுநொய்யையும் முழு அரிசியையும் ஒரே பானையிலே போட்டு உலை வைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் அறிவார்கள். நொய் கஞ்சியாகிப் போகும். அரிசி நடுவிலே வேகாமல் நிற்கும். பழி சமைத்தவருக்கு வரும்.

துணிக்கையின் அளவு இத்தனை வித்தியாசத்தை உண்டுபண்ணுமா என்று ஐயுறுவோருக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு ஆறு சதுர மில்லிமீற்றர். அதனைப் பக்கத்துக்குப் பத்தாக வெட்டினால் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும்; அவற்றின் மேற்பரப்பைக் கூட்டினால் அறுபது சதுர மில்லிமீற்றர். நிறை மாறவில்லை, நீர் தொடக்கூடிய இடமோ பத்து மடங்காகிவிட்டது. அத்தோடு, பெரிய துண்டின் நடுவை அடைய நீர் நெடுந்தூரம் ஊற வேண்டும். சிறியதன் நடுவுக்கோ வாசற்படியைத் தாண்டினாற் போதும்.

கணக்கிலே விருப்பமில்லாதவர்கள் நாவினாலே சோதித்துப் பார்க்கலாம். வீட்டிலுள்ள கிறைண்டரிலே வழக்கம்போல் அரைத்த தூளை மா அரிக்கும் அரிதட்டில் இட்டு அரியுங்கள். கீழே விழுந்ததை ஒரு கோப்பையிலும் மேலே நின்றதை இன்னொரு கோப்பையிலும் ஒரே நிறையளவு போட்டு, ஒரே கேத்தலிலிருந்து வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் வைத்து, வடித்துச் சீனி போடாமற் குடித்துப் பாருங்கள். கொட்டை ஒன்று, வறுவல் ஒன்று, நீர் ஒன்று, கை ஒன்று. ஆயினும் இரண்டும் வெவ்வேறு மரத்திலே காய்த்தவை போன்றிருக்கும்! ஒன்று கறுத்துக் கரகரத்துக் கசக்கும். மற்றது மெலிந்து புளிக்கும். நமது சகோதரியின் வீட்டில் நாள்தோறும் இந்த இரண்டு கோப்பிகளும் ஒரே பாத்திரத்திலே கலந்து பரிமாறப்பட்டு வந்திருக்கின்றன. இதிலே அவர் கையின் பிழை எங்கே இருக்கிறது? கணவர் இந்தப் பரீட்சைக்கு உடனிருத்தல் நலம்.

சுழலும் கத்தி அரைப்பதில்லை, வெட்டுகிறது. அகப்பட்டதை அகப்பட்டபடி வெட்டுகிறது. அடியிலே கிடப்பது மேலும் மேலும் வெட்டுண்டு மாவாகும். ஓரத்தில் ஒதுங்கியது பாதிக் கொட்டையாகவே தப்பிவிடும். எந்த அளவு வந்ததும் வெளியேறலாம் என்று சொல்ல அங்கே வாசல் ஒன்றும் இல்லை. அரைக்கும் மில்லுக்கும் கத்திக் கிறைண்டருக்கும் உள்ள முதன்மையான பேதம் இந்த வாசல்தான். மில்லிலே பல்வெட்டிய இரண்டு உறுப்புக்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள் நுழையத்தக்க அளவுக்கு நொறுங்கும் வரை கொட்டைக்கு விடுதலை இல்லை. நொறுங்கியபின் அங்கே நிற்க அதற்கு அநுமதியும் இல்லை.

இத்தகைய மில்கள் இரண்டு சாதி. அவற்றை விளக்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் பாட்டிமார் உளுந்து உடைத்த திரிகையை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான இரு கற்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். நடுக்குழியிலே தானியத்தைப் போட்டுச் சுழற்றினால் அது விளிம்பை நோக்கித் தள்ளப்பட்டு உடைந்து வெளிவரும். தட்டு மில்லின் தத்துவம் இதுவே. கல்லுக்குப் பதிலாகப் பல்வெட்டிய உருக்குத் தட்டுக்கள் இரண்டு. கூம்பு மில்லுக்கோ ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ள வேண்டும். குழிக்குள் குழவி நின்று சுழல்வது போல, பல்வெட்டிய ஒரு வளையத்துக்குள் பல்வெட்டிய ஒரு கூம்பு நின்று சுழல்கிறது. ஆட்டுக்கல்லின் அடியைத் திறந்துவிட்டு, அரைபட்டது தானாகவே கீழே விழும்படி செய்தால் எப்படியிருக்குமோ அப்படி.

கூம்பின் மேற்பகுதியிலே பற்கள் பெரியவை. சாய்வாகச் சுற்றிச் செல்பவை. அவை முழுக் கொட்டையைப் பற்றி உள்ளே இழுத்து இரண்டாக, நான்காக உடைக்கின்றன. கீழே இறங்க இறங்கப் பற்கள் நெருங்கிச் சிறுக்கின்றன, இடைவெளியும் ஒடுங்குகிறது. கடைசி விளிம்பிலே உள்ள இடைவெளிதான் தூளின் அளவுக்குச் சட்டம் விதிக்கிறது. திருகை அல்லது வளையத்தைத் திருப்பி இரண்டு உறுப்புக்களையும் மேலும் கீழும் விலக்கினால் அந்த இடைவெளி கூடும், குறையும். இதிலே ஓர் அழகு உண்டு. கூம்பின் சரிவு காரணமாக, அது ஒரு மில்லிமீற்றர் இறங்கும்போது இடைவெளி ஒரு மில்லிமீற்றர் விரிவதில்லை. அதில் ஒரு சிறு பங்கே விரிகிறது. ஆகவே நுட்பமான மாற்றங்களைச் சாதாரணத் திருகு ஒன்றினாலேயே செய்துகொள்ள முடிகிறது. துருக்கியர் பித்தளைக் குழாய்க்குள் வைத்துச் சுற்றியதும் இந்தக் கூம்பே. பின்னாளிலே மோட்டார்க் கார் செய்து பெயர் பெற்ற பிரான்சு தேசத்துப் பேஜோ நிறுவனத்தார் 1840இல் கோப்பி மில் செய்யத் தொடங்கினார்கள். முழங்கால்களுக்கு இடையிலே இடுக்கிக்கொண்டு கைபிடியைச் சுற்றும் மரப்பெட்டி மில்களுக்குள் இருந்ததும் இக்கூம்பே. எனவே கடைக்காரர் இதனைப் புதுயுகத்தின் அதிசயம் என்று வர்ணித்தால் நேயர்கள் புன்னகை செய்யலாம்.

இனிச் சுவைக்கு வருவோம். வறுத்த கொட்டை நொறுங்கும் தன்மையது. அது வெண்ணெய்க்கட்டி போல வெட்டுப்படுவதில்லை; கண்ணாடி போலச் சிதறுகிறது. ஒவ்வொரு முறை உடையும்போதும் பெரிய துண்டுகளோடு கொஞ்சம் தூசியும் பறக்கும். இந்தத் தூசியை நாம் கோப்பி மா என்றும், நாம் வேண்டி அமைத்த அளவிலே வருவதை நொறுங்கல் என்றும் வழங்குவோம். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீற்றரை ஒரு மைக்கிரோன் என்பார்கள். வடிகட்டும் கோப்பிக்கு 600, 800 மைக்கிரோன் அளவுக்கு நொறுங்கல் வேண்டும் என்று எத்தனை விலையுயர்ந்த மில்லை வைத்தாலும், 100 மைக்கிரோனுக்கு உட்பட்ட மா ஒரு பகுதி கூடவே வந்துதான் தீரும். நிறையிலே அது சிறுபான்மை. எண்ணிப் பார்த்தால் துணிக்கைகளிலே பெரும்பான்மை. மாவே இல்லாத மில் என்று எவரேனும் விற்க வந்தால் காசை மடியிலே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூம்பு மில்லின் தூளை அளந்து வரைபடமாக்கினால் இரண்டு மேடுகள் தென்படுவது வழக்கம். நொறுங்கலின் மேடு பெரியது. மாவின் மேடு சிறியது. தட்டு மில்களிலும் இந்த இரண்டாம் மேடு உண்டு. ஆயினும் கூம்பிலே அது சற்று ஓங்கியிருப்பதும், நல்ல தட்டு மில்லிலே தணிந்திருப்பதும் பொதுவாகக் காணப்படுவது. இதன் பயன் கோப்பையிலே தெரிகிறது. மா விரைவிலே கரைந்து கோப்பிக்குக் கனத்தையும் திரட்சியையும் கொடுக்கிறது. கரையாமல் மிதக்கும் மிக நுண்ணிய பகுதி நாவிலே ஒரு வழுவழுப்பை உண்டாக்குகிறது. பல சுவைகள் ஒன்றோடொன்று கலந்து ஒரு முழுமையாகத் தோன்றும். தட்டு மில் தூளிலோ சுவைகள் தனித்தனியே பிரிந்து தெளிவாகத் தெரியும். கனம் சற்றுக் குறையும். மேளமும் நாதசுவரமும் சேர்ந்து வாசிப்பதைக் கேட்பதற்கும், வீணை தனித்து வாசிப்பதைக் கேட்பதற்கும் உள்ள வேற்றுமை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூற நாம் ஒருப்படோம். கூம்பு என்ற பெயரொன்றே எல்லாவற்றையும் முடிவுசெய்து விடுவதுமில்லை. பற்கள் வெட்டப்பட்ட முறை, அவற்றின் கூர்மை, கூம்பு நடுவிலே நேராக நிற்கிறதா என்பன கூம்பா தட்டா என்ற கேள்விக்குச் சமமான கனமுடையவை.

எந்தச் சுவை வேண்டும் என்பது கோப்பியை எப்படி ஊற்றிக் குடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கடதாசி வடியிலே துளித்துளியாக இறக்கிக் குடிப்பவர்களுக்கு மா எதிரி. அது வடியின் துவாரங்களை அடைத்துவிடும், நீர் தங்கும், தங்கிய நீர் கசப்பை இறக்கும். இத்தாலியர் போல எஸ்பிரெசோ குடிப்பவர்களுக்கு மா வேண்டியதொன்று. அங்கே வளிமண்டல அமுக்கத்தைப் போல ஒன்பது மடங்கு அமுக்கத்தோடு வரும் வெந்நீரைத் தடுத்து நிறுத்தி, அரை நிமிட நேரம் தூளோடு பேசவைப்பது மாவின் தடையே. அங்கேயும் அளவு மீறலாகாது. 2020இல் கணித அறிஞரும் இரசாயன அறிஞரும் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, மிக நுண்ணியதாக அரைக்க அரைக்கச் சாரம் கூடும் என்ற பழைய நம்பிக்கையைத் தகர்த்தது. ஓர் எல்லைக்கு அப்பால் தூள் அங்கங்கே அடைபட்டு, நீர் வேறு வழி தேடி ஓடிவிட, இறங்கும் சாரம் குறைந்தே போகிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

நம் நாட்டு வழக்கம் இவை இரண்டிலும் சேராதது. 1869இல் இலைத்துரு நோய் வெளிப்பட்டு மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களைக் காலப்போக்கில் அழித்துவிட, அவ்விடத்திலே தேயிலை வந்து அமர்ந்தது. ஆயினும் வீட்டுத் தோட்டங்களிலும் நம் குசினிகளிலும் கோப்பி மறைந்துவிடவில்லை. தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மண்டி அடியிலே படியும்வரை பொறுத்திருந்து, மேலாகத் தெளிந்ததை இறுத்துக் குடிப்பதே பல வீடுகளில் இன்றும் பழக்கம். இந்த முறையிலே அடைபடுவதற்கு வடி இல்லை. நமது நாவோ கனத்தை விரும்பிப் பழகிய நா. பாலும் சீனியும் சேர்ப்பவர்களுக்கு மெலிந்த கோப்பி பால் கலந்ததும் காணாமற் போகும். ஆகவே கூம்பின் குணம் நம் முறைக்கு இசைந்த குணம் என்பதே நமது துணிபு. துணி வடியைப் பாவிப்பவர்கள் மாத்திரம் சற்றுப் பருமனாக அரைத்துக்கொள்ள வேண்டும்.

மாமனாரின் கட்சியையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. உரலில் இடித்த கோப்பி நன்றாயிருந்தது என்று அவர் கூறுவது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் புகழ் உரலுக்கு உரியதன்று, அரிதட்டுக்கு உரியது. அந்நாளிலே இடித்ததை அரித்து, மேலே நின்ற கப்பியை மறுபடியும் உரலிலே இட்டு இடித்து, மறுபடியும் அரித்தார்கள். பருக்கை எதுவும் தப்பிச் செல்ல வழியில்லாமற் போனது அதனாலேதான். அவ்வாறு இடித்தும் அரித்தும் கை சலித்தவர் யார் என்பதை மாமனார் அந்த வசனத்தோடு சேர்த்துச் சொல்வாரானால் அது முழுமையான சரித்திரமாகும்.

மில் வாங்கப் போகிறவர்கள் கடையிலே பார்க்க வேண்டியது பளபளப்பை அன்று, ஆட்டத்தை. கைமில் ஆயின் அடிப்பாத்திரத்தைக் கழற்றிவிட்டுக் கீழிருந்து பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கத்திலும் ஒத்திருக்க வேண்டும். கூம்பை விரலாற் பற்றிப் பக்கவாட்டிலே அசையுங்கள். ஆடினால், சுழலும்போதும் ஆடும். ஒரு பக்கம் நெருங்கும்போது மாவும் மறுபக்கம் விலகும்போது பருக்கையும் விழும். கத்திக் கிறைண்டரின் கதையே மறுபடியும் நடக்கும். மலிவான சில மில்களிலே நுண்ணியதாக அரைக்கும்போது இந்த ஆட்டம் தெரியாது. பருமனாக அரைக்கக் கூம்பைத் தாழ்த்தியதும் வெளிப்பட்டுவிடும். அச்சாணியை மேலும் கீழும் இரண்டு பெயாரிங்குகள் தாங்கிப் பிடிக்கும் மில்லே மேலானது. பீங்கான் கூம்பு துருப்பிடியாது. ஆனால் உருக்கைப் போல அத்தனை கூராக வெட்டப்படுவதில்லை. கல் அகப்பட்டால் உடைந்தும் போகலாம். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் உருக்கையே எடுக்கச் சொல்வோம்.

‘கூம்பு மெதுவாகச் சுழல்கிறது, ஆகையாற் சூடாகாது, மணம் பறந்துபோகாது’ என்றொரு வாதமும் கடைகளிலே கேட்கும். மெதுவாகச் சுழல்வது உண்மை. வீட்டு மின்மில்கள் பலவற்றிலே கூம்பு நிமிடத்துக்கு 400, 500 சுற்றுக்களே சுற்றுகிறது. கோப்பிக் கடையிலே காலை முதல் மாலை வரை ஓயாது அரைப்பவருக்குச் சூடு ஒரு பிரச்சினைதான். வீட்டிலே இருபது, முப்பது கிராமை அரை நிமிடத்தில் அரைத்து முடிக்கும் நமக்கு அது பொருட்டன்று. இந்த வாதத்துக்காக ஒரு சதமேனும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

அதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று சொல்வோம். அரைக்கும்போது துணிக்கைகள் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பெறுகின்றன. மா மில்லின் சுவரிலே ஒட்டிக்கொள்கிறது. உமித்தோல் மேசையெங்கும் பறக்கிறது. எரிமலைச் சாம்பலிலே மின்னல் பிறக்கும் விந்தையை ஆராய்கின்ற அறிஞர்கள் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்திலே கோப்பி ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து இதனைப் பரிசோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கொட்டையை அரைக்குமுன் சிறிது நீர் தெளித்துக்கொண்டால் மின்னேற்றம் பெரிதும் தணிகிறது. துணிக்கைகள் கட்டிப்படாமல் வருகின்றன. எஸ்பிரெசோவிலே சாரமும் கூடுதலாக இறங்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிபு. கரண்டிக் காம்பை நீரிலே தோய்த்துக் கொட்டையை ஒருமுறை கிளறிவிட்டாற் போதும். எரிமலையை ஆராயப் போனவர்கள் நமது குசினி மேசையைத் துப்புரவாக வைத்திருக்க வழி சொன்னது பாராட்டுக்குரியதே.

சகோதரிக்கு நமது விடை இது. முதலிலே ஒரு சதமும் செலவிடாமல் மேற்சொன்ன அரிதட்டுப் பரீட்சையை நடத்துங்கள். இப்போதுள்ள கிறைண்டரிலேயே ஒரே மூச்சில் அரையாமல், இரண்டு வினாடிக்கு ஒருமுறை நிறுத்தி, குலுக்கி, மறுபடியும் அரையுங்கள். பின்பு அரித்து, மேலே நின்றதை மீண்டும் அரையுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். கோப்பி திருந்தி, வேலையும் பாரமாகத் தோன்றாவிட்டால் சீட்டுக் காசு வேறு நல்ல காரியத்துக்கு உதவும். கோப்பி திருந்தி, வேலை மாத்திரம் பாரமாயிருந்தால் கூம்பு மில் வாங்குவது வீண் செலவாகாது. மூன்று பேர் குடிக்கும் வீட்டுக்கு நல்ல பெயாரிங் உள்ள கைமில் போதுமானது. அதே விலைக்கு வரும் மின்மில்லிலே பணத்தின் ஒரு பாதி மோட்டாருக்குப் போய்விடும், கூம்புக்கு மிஞ்சுவது மறுபாதிதான். சுற்றுகிற வேலையைக் கணவருக்கும் மாமனாருக்கும் முறைவைத்துப் பகிர்ந்தளிக்கலாம்.

வாங்கியபின் கவனிக்கவேண்டிய சில உண்டு. கறுக்க வறுத்த கொட்டை எளிதிலே நொறுங்கி மாவைக் கூடுதலாகத் தரும். ஆகவே நம் வீடுகளிலே வறுக்கும் கொட்டைக்குத் திருகை ஒரு படி பருமன் பக்கமாக வைக்க வேண்டும். கசந்தால் இன்னும் ஒரு படி பருமன். புளித்தால் ஒரு படி நுண்மை. ஒரு நேரத்தில் ஒரு படிக்கு மேல் மாற்றாதீர்கள். மின்மில் ஆயின், நுண்மைப் பக்கம் திருப்புவதைக் கூம்பு சுழன்றுகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். நின்றிருக்கும்போது திருப்பினால் நடுவிலே அகப்பட்ட நொறுங்கல் இறுகிக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை கூம்பைக் கழற்றி உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். கோப்பியின் எண்ணெய் பற்களிலே படிந்து சில நாட்களிலே காறல் நாற்றம் எடுக்கும். அந்தக் காறல் மறுநாட் கோப்பிக்கு ஏறும். உருக்குக் கூம்பை நீரிலே கழுவலாகாது. பச்சரிசி போட்டு அரைத்துத் துப்புரவு செய்யும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்; அரிசி கோப்பியிலும் கடினமானது; மோட்டாரை வருத்தும்.

நம்மவர்கள் கோப்பியோடு கொத்தமல்லியும் மிளகும் சுக்கும் சேர்ப்பதுண்டு. அவற்றைக் கூம்புக்குள் ஒருபோதும் இடாதீர்கள். சுக்கின் நார் பற்களிலே சிக்கிக்கொள்ளும். மல்லியின் வாசனை எத்தனை முறை தட்டினாலும் போகாது. அவற்றை உரலிலே இடித்து அரித்து வேறொரு போத்தலில் வைத்துக்கொண்டு, கோப்பி போடும் நேரத்திலே கலந்துகொள்ளலாம். மாமனார் விரும்பும் உரலுக்கும் அப்போது வேலை இருக்கும். உங்கள் வீட்டுக்குச் சரியாக அமைந்த படி எது என்று கண்டதும், அந்த இலக்கத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்திலே ஒட்டிவிடுங்கள். மில்லைத் துடைப்பவர்கள் திருகைத் திருப்பிவிடுவது எல்லா வீடுகளிலும் நடப்பது.